ஜன்னலில் வைத்த புட்டி

என் தங்கை ஃபரங்கிஸ் ஷிராஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாக எலிகளைப் பழக்குகிறாள். பால்பொடி கரைத்த தொட்டியில், தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும் மேடைக்கு வழியை எலி நான்கு நாளில் கற்றுக்கொள்ளும். ஸ்கோபோலமின் ஊசி போட்டால் வழி தெரியாமல் சுற்றும். மூளையில் செய்தி நுழையும் வாசலை அந்த மருந்து அடைத்துக்கொள்ளுமாம். ஆறாம் வகுப்போடு தையலுக்குப் போன எனக்கே புரியும்படி சொன்னாள்.

போன நவ்ரோஸ் புத்தாண்டுக்கு முன், ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் நிக்பே, விருந்தினருக்குக் காட்டவென்று மருந்துப் புட்டியைத் தன் அறை ஜன்னலில் வைத்தார். ஒன்பது நாள் வெயில். கெட்டுவிடும் என்று ஃபரங்கிஸ் இரண்டு முறை சொன்னாள். அதையே ஊசியில் ஏற்றச் சொன்னார். முப்பத்திரண்டு எலியும் நேராக மேடைக்கு நீந்தின; சோதனை வீண். ஊழியரின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதி, அவளைக் கூண்டு கழுவ அனுப்பினார்.

"வேலைய விட்டுடுடி," என்றேன்.

"எதுக்குக்கா? ஜன்னல்ல வைக்கறப்போ அந்தாளு தேதி போட்டு கையெழுத்து வச்ச புட்டி என்கிட்ட இருக்கு. மிச்ச மருந்தோட."

"வச்சு? ஊறுகாய் போடப் போறியா?"

"ஊறட்டும்."

ஏழு மாதம் ஊறியது. அவளை நீக்குவதா என்று முடிவு செய்ய தெஹ்ரானிலிருந்து பேராசிரியை தாவூதி வந்தார். ஃபரங்கிஸ் ஒரே ஒரு சோதனைதான் கேட்டாள்: எண் மட்டும் ஒட்டிய மூன்று புட்டி, எதில் என்ன என்ற விவரம் பேராசிரியையிடம் ஒட்டிய உறையில்.

"ஊசி நீங்களே போடுங்க டாக்டர். என் கைதான் ராசியில்லாத கையாச்சே."

நிக்பே சிரித்துக்கொண்டே போட்டார். முதல் புட்டி எலிகள் சுற்றிச் சுற்றித் தவித்தன. மற்றவை நேராக மேடை ஏறின.

"ஒண்ணுதான் மருந்து. மத்த ரெண்டும் உப்புத் தண்ணி. குழந்தைகூட சொல்லும்," என்றார் நிக்பே.

பேராசிரியை உறையைப் பிரித்தார். ஒன்று, துபாயிலிருந்து வந்த புது மருந்து. இரண்டு, உப்புத் தண்ணீர். மூன்று, ஜன்னல் வெயிலில் இருந்த பழைய மருந்து; அதன் மூலப் புட்டியை ஃபரங்கிஸ் கறுப்புத் துணியிலிருந்து எடுத்து வைத்தாள்.

"இது உங்க கையெழுத்தா டாக்டர்?" என்றாள்.

நிக்பே எழுந்து வெளியே போனார். பிறகு வராந்தாவில் அவளை நிறுத்தினார். "தனியா சொல்லியிருக்கலாமே, ஃபரங்கிஸ் கானும்," என்று மரியாதை சேர்த்துக் கூப்பிட்டார்.

"ரெண்டு தடவை சொன்னேன் டாக்டர்."

அறிக்கையை அவரே தன் கையால் திருத்தி எழுதினார். அவள் மறுநாளே எலிகளிடம் திரும்பினாள்.

அந்தப் புட்டி, கழுவிக் காயவைத்து, என் தையல் மேசை ஜன்னலில் இருக்கிறது. கையெழுத்து அறையின் உள்பக்கம் பார்த்தபடி. டாக்டர் நிக்பேயின் மனைவி என்னிடம்தான் துணி தைக்கக் கொடுக்கிறாள். அளவெடுக்கும்போது அந்த ஜன்னலுக்கு நேராகத்தான் நிறுத்துவேன்.