முப்பது வருட அலைச்சல்

என் மனைவியிடம் முப்பது வருடம் ஒரே பொய்யைச் சொல்லி வந்தேன். மாதத்தில் ஒரு வாரம் மரக்காணம் உப்பளங்களுக்குப் போய் உப்பு மாதிரி எடுத்து வந்து சோதிப்பது என் வேலை. காஞ்சிபுரத்தில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்வேன்: "ஒரே அலைச்சல். வாய்க்கு ருசியா ஒரு வாய் சோறு கிடைக்கல."

அவள் என்னை உள்ளே விடமாட்டாள். அங்கேயே கிழக்குப் பார்த்து நிற்க வைத்து, ஒரு கை கல்லுப்பை என் தலையைச் சுற்றி எடுத்துச் சொம்புத் தண்ணீரில் போடுவாள். யார் கண்ணோ பட்டுத்தான் நான் இப்படி வாடி வருகிறேன் என்பது அவள் முடிவு. அப்புறம் மீன் குழம்பு. தலைத் துண்டு என்றால் அவளுக்கு உயிர். அன்று மட்டும் அது என் தட்டில் விழும். "ஒரு வாரமா காஞ்சு கிடந்துட்டு வந்திருக்கீங்க" என்பாள். நான் தலை நிமிராமல் தின்பேன்.

உண்மை என்னவென்றால், அந்த வாரங்களுக்காகவே மாதத்தின் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னால், நானும் வருகிறேன் என்பாள். ஒரு முறை நான் சொல்லாமலே அப்படிக் கேட்டும் விட்டாள். "அது பொம்பளைங்க வர்ற எடமில்ல" என்று முடித்துவிட்டேன்.

ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, போன சித்திரையில், உப்பளக்காரர்கள் சிலர் பழைய பழக்கத்தில் ஒரு வார வேலைக்குக் கூப்பிட்டார்கள். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த ஆளைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். "அம்மா கூட வந்தா போங்க. இல்லன்னா வேணாம்." போகாமலே இருந்துவிடலாமா என்று பார்த்தேன். நான் அந்த வாரங்களை எப்படிக் கழித்தேன் என்பது அந்தக் கடற்கரையில் பாதிப் பேருக்குத் தெரியும்.

அவள் வழக்கம்போல எலுமிச்சங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிக்கொண்டு வாடகைக் காரில் ஏறினாள்.

மரக்காணம் திருப்பத்திலேயே ஆரம்பித்துவிட்டது. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கரண்டியோடு வெளியே வந்தார். "சார்! எவ்ளோ வருஷமாச்சு! வழக்கமானதுதானே? ஸ்ட்ராங்கா ரெண்டு டீ, நாலு பஜ்ஜி?"

"ஒருத்தருக்கு ரெண்டு டீயா?" என்றாள் என் மனைவி. "பஜ்ஜின்னாலே நெஞ்சு எரியுதும்பாரே."

"எனக்குத் தெரிஞ்சு எரிஞ்சதே இல்லீங்கம்மா."

நான் பெஞ்சின் ஆணியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் உப்பளத்துக்குப் போனோம். அந்த நேரத்தில் பாத்திகளில் பால் ஆடை போல மெல்லிய உப்பு மிதக்கும். காற்று அதை ஒரு ஓரமாக ஒதுக்கும். அதைப் பார்க்கத்தான் நான் எப்போதும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போவேன். அவள் அதைப் பார்க்கவில்லை. நீளக் கழி வைத்த பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். முக்கால்வாசிப் பேர் பெண்கள்.

"பொம்பளைங்க வர்ற எடமில்லன்னீங்களே?"

பக்கத்துப் பாத்தியில் நின்ற அம்மாள் பலகையை ஊன்றிக்கொண்டு கேட்டார், "அப்ப நாங்கள்லாம் யாராம் சார்?"

பாத்தி முழுக்கச் சிரிப்பு. என் மனைவிதான் அதிகம் சிரித்தாள். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

நான் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ்ஸை இரண்டு நாள் தவிர்த்தேன். மூன்றாம் நாள் டிரைவரே, இங்கே மீன் நன்றாக இருக்கும் என்று நேராக அங்கே நிறுத்திவிட்டார். மெஸ் நடத்தும் அம்மாள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஊறுகா நீங்க போட்டதுதானாம்மா! எங்க வூட்ல அதுக்கு அடிதடி. சார் வந்து எறங்கினதும் பாட்டில எங்கிட்ட குடுத்துடுவாரு. அவருக்கு எதுக்கு ஊறுகா? காலா மீன் தல இருந்தா போதும்."

தலை என் இலையில் வந்து விழுந்தது. நான் தொடவில்லை.

திரும்பும்போது கழுவெளி ஏரி ஓரத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். தண்ணீரில் பூநாரைகள் நின்றன. எல்லாவற்றையும் சொன்னேன். டீ, பஜ்ஜி, மீன், சாயங்காலம் கடலில் கால் நனைத்தது, ஒரு நாள்கூடப் பட்டினி கிடக்காதது.

அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். "தலைய இங்கயும் தின்னுட்டு, வூட்டுக்கு வந்தும் தின்னீங்களா?"

"ஆமா."

"நீங்க இங்க பட்டினி கிடக்கறீங்கன்னு அந்த வாரம் பூரா நான் மோரு ஊத்தித்தான் சாப்ட்டேன். மீன் வாங்க மனசு வராது."

எனக்கு அது தெரியாது. முப்பது வருடம் தெரியாது. மன்னித்துவிடு என்றேன். அவள் பூநாரைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அறைக்கு வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இத்தனை வயதுக்கு மேல் இவள் என்னை மதிக்காமல் போனால் என்ன செய்வது என்று படுத்துக் கிடந்தேன்.

காலையில் நான் வெளியே வந்தபோது அவள் காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சார் எங்கெங்க சாப்ட்டாரோ, அவரையே கேட்டு அங்கெல்லாம் நிறுத்து தம்பி. ஒண்ணு வுடாத."

அதன்பின் நான்கு நாட்கள் அவள் சொன்னதுதான் சட்டம். டீக்கடையில் மூன்றாவது பஜ்ஜியும் கேட்டாள். தர்பூசணிக் குவியலில் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்து, கடைக்காரர் வைத்திருந்ததிலேயே நல்லதை எடுத்துவிட்டாள். உப்புப் பைகளில் சீட்டு எழுதும் வேலையையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கிறதாம். மெஸ்ஸில் தலைத் துண்டு வந்தபோது இலையோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீங்க ஊறுகா தொட்டுக்கங்க" என்றாள். மெஸ் அம்மாள் சிரித்த சிரிப்பில் அவருக்கே புரையேறிவிட்டது. உப்பு ஆடையையும் ஒரு காலையில் பார்த்தாள். குனிந்து விரல் நுனியால் தொட்டாள். அது உடைந்து தண்ணீருக்குள் இறங்கியது. "அய்யோ" என்று என் முகத்தைப் பார்த்த அந்தக் கணத்துக்காக எத்தனை வருடம் முன்னாலேயே அவளைக் கூட்டி வந்திருக்கலாம்.

கடைசி நாள் கிளியனூர்ப் பக்கம் நுங்குக்காரரிடம் நின்றோம். மகள் போன் செய்தாள். என் மனைவி முழங்கை வழியே நுங்குத் தண்ணீர் சொட்டச் சொட்ட, என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அத ஏன் கேக்கற. ஒரே அலைச்சல்டி. வாய்க்கு ருசியா ஒண்ணும் கிடைக்கல. உங்கப்பா எப்படித்தான் முப்பது வருஷம் தாங்கினாரோ, பாவம்."

போனை வைத்துவிட்டு இன்னொரு நுங்கு வெட்டச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போகாமல் வாசலில் கிழக்குப் பார்த்து நின்றாள். மரக்காணத்துக் கல்லுப்புப் பொட்டலத்தை என் கையில் திணித்தாள். "சுத்துங்க."

சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தேன். எத்தனை முறை சுற்ற வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இதற்கு நான் எப்போதும் நின்றுதானே இருக்கிறேன். மூன்று முறை சுற்றி, போடப் போனேன்.

"இன்னும் ரெண்டு சுத்துங்க" என்றாள். "நல்லா சாப்ட்டிருக்கேன். நெஜமாவே கண்ணு பட்டிருக்கும்."