மாவு ஒட்டிய கைகள்

பாறசாலை பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த மெலிந்த அக்கா, இஸ்ரேலில் யூதக் குழந்தைகளின் கோடை முகாமில் ஆயாவாக இருந்தவர். பேசும்போதெல்லாம் முந்தானை நுனியைப் பின்னிக்கொண்டே இருந்தார்.

"வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையளெல்லாம் அவங்க ஓய்வுநாளுக்குள்ள ரொட்டி மாவைச் சடை மாதிரி பின்னி வீட்டுக்குக் கொண்டுபோகும், மக்கா. கடைசி வெள்ளிக்கிழமை பின்னும்போ சைரன் அடிச்சுது. மாவுக் கையோட கைக்கு ஒண்ணா ரெண்டு பிள்ளையளப் பிடிச்சிட்டு பதுங்கு அறைக்கு ஓடினேன்."

"பிறகு?"

"கேம்ப் பூட்டியாச்சு. அதுங்க எங்க இருக்குதோ, ஆரு கண்டா?"

அப்போது நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து ஒரு ஆம்புலன்ஸ் அலறி வந்தது. சட்டென்று அக்கா என் கையை இறுகப் பிடித்து எழுந்தார். சத்தம் அடங்கிய பிறகும் விடவில்லை. மறு கை ஒரு குழந்தையின் உயரத்துக்குத் தாழ்ந்து, காற்றில் துழாவிக்கொண்டிருந்தது.