ஒரே நிறத்து வட்டம்

எங்கள் கல்லூரி டீனுக்கு வட்டங்கள் என்றால் உயிர். புள்ளியியல் படித்தவர். எதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாலும் அதை ஒரு வட்டமாக்கி, கூறுபோட்டு, கூறுக்கொரு நிறம் பூசிப் பார்த்தால்தான் மனது ஆறும். இன்னொரு பிரியம் அட்டெண்டன்ஸ். மணி அடித்த பிறகு வாசலில் வந்து நிற்கும் மாணவன் ஆம்புலன்ஸில் வந்திருந்தாலும் அவருக்கு ஆப்சென்ட்தான்.

அப்படிப்பட்டவர் கையில் அந்தக் கூட்டு எழுத்து மென்பொருள் கிடைத்தது. இணையத்தில் ஒரே பக்கத்தை வகுப்பு மொத்தமும் திறந்து வைத்துக்கொண்டு சேர்ந்து எழுதலாம். ஒருவர் எழுதுவது அந்தக் கணமே மற்றவர் திரையிலும் தெரியும். அதோடு நின்றிருந்தால் வம்பில்லை. பக்கத்தில் அப்போது இருக்கிற எழுத்தில் யாருடையது எவ்வளவு என்று அதுவே பார்த்து, பக்கத்தின் ஓரத்தில் ஒரு வட்டமும் போட்டுக் காட்டியது. ஆளுக்கு ஒரு நிறம். டீன் அந்த வட்டத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார். இனி இன்டர்னல் மார்க் எல்லாம் இந்த வட்டத்தின்படிதான் என்று அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்துவிட்டது.

நான் நடத்தியது ஒரு விருப்பப் பாடம். தமிழ் பேசத் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது என்கிற பிள்ளைகளுக்கானது. பெங்களூரில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமா என்ன? பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் படித்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தமிழில் சண்டை போடுகிறவர்கள். கேண்டீனில் ஒரு பெரிய மேசையைப் பிடித்தால் வகுப்பு மொத்தமும் உட்கார்ந்துவிடலாம். எனக்குப் பெயர்கள் மனதில் நிற்காது. எங்கிருந்து வருகிறார்களோ அதையே பெயராக்கிவிடுவேன். ஈஜிபுரா, ஒக்கலிபுரம், ஆனேக்கல். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் பெண்ணுக்கு ரயில் என்றே பெயர் வைத்தேன். தங்கவயலில் தமிழ்ப் பள்ளியில் சில வருஷம் படித்தவள். தமிழ் எழுத நன்றாகவே வரும். பிறகு ஏன் இந்தப் பாடத்தில் சேர்ந்தாய் என்று கேட்டால், "என் டிரெயின் டைமுக்கு இது ஒண்ணுதான் மேம் செட் ஆவுது" என்றாள். என் தமிழுக்காக வந்திருப்பாள் என்று நினைத்த எனக்கு முகம் கொஞ்சம் சுருங்கித்தான் போனது.

கூட்டுப் பக்கத்துக்கு நான் கொடுத்த தலைப்பு 'நான் வரும் வழி'. காலையில் கல்லூரிக்கு வரும் வழியில் காதில் விழுவதை எல்லாரும் சேர்ந்து எழுத வேண்டும். ஒரு மத்தியானம் கேண்டீன் பக்கம் போனேன். மேசை நடுவில் ரயில் தன் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் அவளைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அத எடுறா, டூப்பு வுடாத. எங்க தெருவுல யாரும் அப்படிப் பேசமாட்டாங்க," என்றாள் ஈஜிபுரா.

"உங்க தெரு என்ன பார்லிமெண்டா? நான் சொல்றத அப்படியே போடு," என்றான் ஆனேக்கல்.

ரயில் இருவரையும் முறைத்துவிட்டு இரண்டையும் தட்டினாள். தமிழில் டைப் அடிக்க வந்தது அவளுக்கு மட்டும்தான். மற்றவர்கள் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். ஒரு வரிக்கு அரை மணி நேரம் சண்டை, நடுவில் மசால்தோசை. ஆனேக்கல்காரன் வாய் ஓயவே இல்லை. பக்கத்தில் பாதி அவன் சொன்னதுதான். எத்தனையோ வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், பிள்ளைகள் இப்படிச் சேர்ந்து எழுதி நான் பார்த்ததில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த வட்டத்தின் ஞாபகமே வரவில்லை.

டீனுக்கு வந்தது. அறைக்குக் கூப்பிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். வட்டம் முழுக்க ஒரே பச்சை. கூறும் இல்லை, கோடும் இல்லை.

"ஏனு மேடம் இது? ஒரே கலர்! ஒரு பொண்ணு ஃபுல்லா எழுதியிருக்கா. மிச்ச எல்லாருக்கும் ஸீரோ."

எல்லாரும் சேர்ந்துதான் எழுதினார்கள், கை மட்டும் ஒருத்தியுடையது என்று சொன்னேன். கேண்டீன் கதை முழுவதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

"ஸிஸ்டம் ஹேளுத்தே மேடம், நானல்ல," என்றார். ஸிஸ்டம் சொல்கிறதாம், அவர் இல்லையாம். வியாழக்கிழமை வகுப்புக்குத் தானே வருவதாகவும், அதற்குள் வட்டம் மாறாவிட்டால் பூஜ்யம் பூஜ்யம்தான் என்றும் முடித்துவிட்டார்.

இன்டர்னலில் பூஜ்யம் வாங்கினால் பரீட்சை எழுத முடியாது. மற்றவர்கள் அடுத்த வருஷம் எழுதித் தொலைப்பார்கள். ஆனேக்கல்காரன் கதை வேறு. கேம்பஸ் இன்டர்வியூவில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. ஒரு பாடத்தில்கூட அரியர் இருக்கக்கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. அந்த வட்டத்தில் அவனுக்கு ஒரு கூறு விழாவிட்டால் வேலை போய்விடும்.

வகுப்பில் போய்ச் சொன்னேன். "அவனோடத நான் திருடிக்கிட்ட மாதிரி இருக்கு மேம்," என்று ரயில் அழுதேவிட்டாள். "நீ ஏன்டி அழுவுற? நான்தான கத்துனேன், நீ அடிச்ச," என்று அவளைத் தேற்றியது ஆனேக்கல்காரன்தான். பிள்ளைகள் அதற்குப் பிறகு தங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஏதோ பேசியிருக்கிறார்கள். கல்லூரியில் உருப்படியாக நடக்கிற கூட்டு வேலை எல்லாம் ஆசிரியர்கள் இல்லாத அந்தக் குரூப்பில்தான் நடக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

வியாழக்கிழமை மணி அடிப்பதற்கு முன்பே டீன் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ரயில் இன்னும் வரவில்லை. அட்டெண்டன்ஸ் போச்சு என்று நினைத்துக்கொண்டே புரொஜெக்டரைப் போட்டேன். பக்கம் சுவரில் விரிந்தது. அதில் ரயிலின் பச்சைக் கர்சர் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ அவளும் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறாள்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு விரிந்து மொத்தப் பக்கத்தையும் பச்சையாக்கியது. அடுத்த கணம் எழுத்தெல்லாம் காணாமல் போனது. சுவர் வெறும் வெள்ளை.

"ஏனாயித்து?" என்று டீன் எழுந்துவிட்டார்.

பெஞ்சுகளில் எல்லாரும் ஃபோனை எடுத்தார்கள். சுவரில் ஒவ்வொரு நிறமாக முளைத்தது. ஈஜிபுரா நான் கற்றுக்கொடுத்த எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடித் தேடிக் குத்தினாள். ஒக்கலிபுரம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை ஓட்டினான். ஆனேக்கல்காரன் மட்டும் தலை நிமிரவில்லை. மளமளவென்று வரிகள் விழுந்தன. தமிழ்தான், ஆனால் அத்தனையும் கன்னட எழுத்தில்.

டீன் கன்னடக்காரர், தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. இதுவரை அந்தப் பக்கத்தில் அவர் படித்தது வட்டத்தை மட்டும்தான். இப்போது கண்ணுக்குத் தெரிந்த எழுத்து வந்ததும் தன்னையறியாமல் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஆனேக்கல் பஸ்ஸுல கண்டக்டர் கன்னடத்துல கேப்பாரு. பக்கத்து சீட்டுக்காரர் தெலுங்குல கேப்பாரு. நான் ரெண்டு பேருக்கும் தமிழ்ல பதில் சொல்லுவேன். ரெண்டு பேருக்கும் புரியும். காலேஜுக்கு வந்தாத்தான் நான் ஒண்ணுமே சொல்லலன்னு சொல்றாங்க."

கடைசி வரியில் அவர் குரல் இறங்கியது. அந்த வரி கேண்டீனில் எழுதிய பக்கத்தில் இல்லாதது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஓரத்திலிருந்த வட்டத்தைப் பார்த்தார். கூறு கூறாக, நிறம் நிறமாக, அவர் ஆசைப்பட்ட மாதிரியே இருந்தது. ஆனேக்கல்காரனுடையதுதான் பெரிய கூறு. பச்சை மட்டும் இல்லை.

"ஆ ஹுடுகி? அந்தப் பொண்ணுக்கு ஸீரோ ஆயிடுச்சே?"

அப்போது பக்கத்தின் அடியில் பச்சைக் கோடு மறுபடி நகர்ந்தது. தமிழில் ஒரு வரி வந்தது. இத்தனை நாள் மற்றவர்கள் சொன்னதையே அடித்துக்கொண்டிருந்தவள் தன் வழியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்ன எழுதியிருக்கிறாள் என்று டீன் கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் ஆனேக்கல்காரன் எழுந்து நின்று, எழுத்துக் கூட்டி, திக்கித் திக்கிப் படித்தான்.

"டிரெ...யின் கே.ஆர்.புரத்துல... நின்னு போச்சு. எல்லாரும் எழுதிட்டீங்களா? மேம், எனக்கு... அட்டெண்டன்ஸ்..."

டீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"ஹாக்ரி மேடம்," என்றார். "போடுங்க. அவ எல்லாருக்கும் முன்னாடியே வந்துட்டா."