கூட்டாளி சேர்த்த ஒலி

லிப்ட் மெக்கானிக்குக் கல்யாணம் கூடிவரவில்லை, வீட்டில் பேச்சுத்துணைக்கும் ஆள் கிடையாது. காது மட்டும் பாம்புக் காது. மோட்டார் உறுமுவதைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுக்குத் தீனியாக அவர் பிடித்துக்கொண்டது ட்ரோன் இசை. பல்லவி, சரணம் என்று எதையும் தேடாதீர்கள். ஒரே சுருதி கால் மணி நேரம் நகராமல் நிற்கும், அவ்வளவுதான்.

இணையத்தில் ஒரு கூட்டாளி கிடைத்தான். வேறு ஊரில் கம்ப்யூட்டர் வாத்தியார், வயதில் இளையவன், நேரில் பார்த்ததில்லை. இருவருமாக ஓர் ஆல்பம். இவர் மோட்டார் ஒலியைப் பதிவுசெய்து இழுத்து நீட்டி அனுப்புவார். அவன் தன் பங்குக்கு ஓர் ஒலி சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். என்ன சேர்த்தான் என்று சொல்லக் கூடாது, இவர் காதால் கண்டுபிடிக்க வேண்டும். அது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. வேலை முடிந்து வந்ததும் சமையலறை மேசையில் ஸ்பீக்கரை வைத்துத் தேடுவார். கிடைத்ததும் 'பிடிச்சிட்டேன்' என்று எழுதிப் போடுவார். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும். தனக்காக ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து மெனக்கெடுகிறான் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

ஆல்பம் முடிந்த வாரம் அக்கா வந்தாள். வந்தவள் சும்மா இருப்பாளா, வீட்டைத் தலைகீழாக்கிச் சுத்தம் செய்தாள். அவர் தனக்கு ரொம்பப் பிடித்த மூன்றாவது பாட்டைப் போட்டார்.

"இது பாட்டாடா? எங்க வீட்டு மிக்ஸி இதைவிட நல்லா பாடும்."

"கீழ மெல்லிசா ஒரு ஒலி வரும் பாருக்கா. அது கூட்டாளி போட்டது."

வரவில்லை. அடுத்த பாட்டிலும் இல்லை. ஒயரை ஆட்டினார், ஸ்பீக்கரைத் தட்டினார்.

"துடைக்கணும்னு ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன். அதனாலயா?" என்றாள் அக்கா.

அவர் பிளக்கைச் செருகினார். கொஞ்ச நேரத்தில் கூட்டாளியின் ஒலி வந்துவிட்டது. ஊரார் மோட்டாரையெல்லாம் எடைபோடுகிற மனுஷனுக்குச் சொந்த வீட்டு ஃபிரிட்ஜின் உறுமல் தெரியவில்லை, பாருங்கள்.

மாடிப்படியில் போய் நின்று கூட்டாளிக்கு ஃபோன் போட்டார். "தம்பி, கடைசியா எந்தப் பாட்டுல சேர்த்தீங்க?"

அவன் தயங்கினான். "முதல் பாட்டோட சரிண்ணே. அப்புறம் நேரமே இல்ல, அப்படியே திருப்பி அனுப்பினேன். நீங்க 'பிடிச்சிட்டேன்'னு எழுதினீங்க. அதுக்கு மேல சொல்ல மனசு வரல."

இவர் ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. மொத்தமும் நீங்க தனியாவே செஞ்சது. என் பேரை எடுத்துடுங்க," என்றான் அவன் பெருந்தன்மையாக.

"வேண்டாம் தம்பி," என்றார். "கேக்கறவங்களுக்குத் தெரியவா போகுது? உங்க பேரும் கூட இருக்கட்டும்."