எண்ணூர்வரை வந்த கருவாட்டுப் படகு

என் மனைவி சலோமிக்கு வலி எடுத்த இரண்டாம் நாள் காலையில், மருத்துவச்சி கன்னியம்மா குடிசையை விட்டு வெளியே வந்து கையைக் கழுவினாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"புள்ள குறுக்கப் பட்த்துக்கினு கீது நைனா. இனிமே என் கையில ஒண்ணும் இல்ல. டாக்டரம்மாகிட்ட இட்டுக்கினு போ."

சபையாரே, டாக்டரம்மாவுக்கு நான் எங்கே போவேன்? ஆந்திரா தனியாகப் பிரிந்ததற்கு மறுவருஷம் அது. ஐப்பசி அடைமழை. ஆரணி ஆறு கரைபுரண்டு, பொன்னேரிக்குப் போகிற வண்டிப் பாதையை விழுங்கிவிட்டது. எங்கள் சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர்தான். கால்வாய் ஒன்றுதான் மீதி வழி. பழவேற்காட்டிலிருந்து பட்டணம் போகிற படகுகள் எங்கள் கரையோரமாகத்தான் போகும். எண்ணூரில் இறங்கி ரயில் ஏறினால் பட்டணத்துப் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டான பிள்ளை அது. தெருவில் எந்தக் குழந்தை போனாலும் கூப்பிட்டு மூக்கைத் துடைத்து அனுப்புகிறவள் சலோமி. அவளுக்குத்தான் இந்த நிலைமை.

கட்டிலோடு அவளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தோம். முதலில் சவுக்கு விறகு ஏற்றிய படகு வந்தது. வேறு யாருடையதும் இல்லை, கரையில் நடந்து நான் கயிறு கட்டி இழுக்கிற அதே படகுதான். சலோமிக்கு வலி எடுத்ததால் இரண்டு நாளாக நான் வேலைக்குப் போகவில்லை. மேலே, படகை நடத்துகிற எங்கள் தண்டேல் முனுசாமி அண்ணன் நின்றிருந்தார்.

"அண்ணே, எண்ணூரு வரைக்கும் ஏத்திக்கினு போ அண்ணே!"

"டேய் தாவீது, உனக்குத் தெரியாததாடா? பழம் அறுத்தாச்சேடா!"

எனக்குத் தெரியும். சரக்கேற்றி, படகின் முகப்பில் எலுமிச்சம்பழம் அறுத்துச் சூடம் காட்டிவிட்டால், அந்தச் சரக்கு இறங்குகிறவரை பிள்ளைவலிக்காரி படகில் கால் வைக்கக் கூடாது. தீட்டுப் பட்டால் படகு தரைதட்டும், கயிறு இழுக்கிறவன் உயிருக்கு ஆகாது என்பது கால்வாய்க்காரர்களின் கட்டு. ஞானஸ்நானம் வாங்கிய நானும் அந்தக் கட்டுக்குள் நின்றுதான் பிழைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கல்மனசுக்காரர் இல்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். என்னோடு தோளுக்குத் தோள் நின்று இழுத்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருவனும் தலை நிமிரவில்லை.

அந்தச் சேற்றிலேயே முழங்கால் போட்டேன். எனக்குப் பெரிய ஜெபமெல்லாம் வராது. "ஆண்டவரே, ஒரு படகு" என்றேன். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன். சலோமியின் மேல் பிடித்திருந்த ஓலைப்பாயில் மழை கொட்டியது. அவள் முனகலும் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே வந்தது.

உச்சிப்பொழுது சாய்ந்தபோது காற்றோடு நாற்றம் வந்தது. பிறகுதான் படகு கண்ணில் பட்டது. பழவேற்காட்டு மீரான் பாயின் கருவாட்டுப் படகு. பாயே கூடைகளின் மேல் குடையோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாய்யா, மழையில கட்டில வச்சிக்கினு நிக்கிறீங்க?"

சொன்னோம். அவருடைய படகுக்காரன், "பாய், தீட்டாச்சே!" என்று இழுத்தான்.

"அட போய்யா! இந்த நாத்தத்துக்கு சைத்தானே கிட்ட வர மாட்டான், தீட்டு வந்துருமா? கூடைய ஒதுக்கு! தங்கச்சிய ஏத்து!"

அந்த வேதனையிலும் கன்னியம்மா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. கேட்ட படகு வந்துவிட்டது என்று அழுதேன்.

இனி நான் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். படகில் போகும்போது சலோமி வாய்விட்டு ஜெபித்தாள்: "கொழந்தையக் குட்த்துடு ஆண்டவரே. என்ன எடுத்துக்கோ." அவள் தலைமாட்டில் உட்கார்ந்து நான் மனசுக்குள் ஜெபித்தேன்: "பிள்ளை போனாலும் போகட்டும். இவளை எனக்கு விட்டுவிடும்." ஒரே படகிலிருந்து இரண்டு ஜெபம் மேலே போனது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆஸ்பத்திரி சேர்ந்தோம். டாக்டரம்மா என் மனைவியைக் காப்பாற்றினார்கள். பிள்ளை ஆண் பிள்ளை. வெளியே வரும்போதே மூச்சில்லை.

"காலைலயே கொண்டுவந்திருந்தா ரெண்டு பேரையும் பார்த்திருப்பேன்பா" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே என்னால் தாங்க முடியவில்லை.

சரக்கைப் படகுக்காரனிடம் விட்டுவிட்டு எங்களோடு ரயிலேறி வந்திருந்த மீரான் பாய், தன் பையிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியை எடுத்துக் கிழித்தார். "புதுசுதாம்பா. இன்னும் கட்டல" என்றார். அதில் சுற்றித்தான் என் மகனைப் புதைத்தோம்.

ஊர் திரும்பிய பிறகு சலோமி என்னைக் கேட்டாள்: "படகுல நீ இன்னான்னு ஜெபம் பண்ணே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். மழைக்காலம் முடியும்வரை அவள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். பால் கட்டிய மார்பைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு அவள் அழுவது எனக்குக் கேட்கும். நன்றி சொல்ல முழங்கால் போட்டால் எனக்கு நாக்கு எழும்பாது. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார், அவள் ஜெபத்தைக் கேட்கவில்லை. இதை எப்படி ஸ்தோத்திரமாகச் சொல்வேன்?

தை அறுப்பின்போது ஒருநாள் வரப்பில் அவளாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டையும் அவருதானேய்யா கேட்டுக்கினு இருந்தாரு? எதுக்குக் காது குடுக்கறதுன்னு அவுருக்கே எவ்ளோ பேஜாரா இருந்துருக்கும், பாவம்."

பிள்ளையைப் பறிகொடுத்தவள் கடவுளுக்காகப் பரிதாபப்பட்டாள். அன்றைக்குத்தான் என் விசுவாசம் உயிர்த்தது, சகோதரர்களே.

அதே வாரம் முனுசாமி அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வா என்றால் வரவில்லை. "தீட்டுப் பட்டா படகக் கழுவிக்கலாம்டா. இத எங்கடா கழுவறது?" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு எங்கள் படகு, கரையிலிருந்து நோயாளி யார் கூப்பிட்டாலும் நிற்காமல் போனதில்லை.

இந்தச் சாட்சியைச் சொல்லட்டுமா என்று சலோமியைக் கேட்டேன். "சொல்லு. ஆனா புள்ளய வுட்டுட்டுச் சொல்லாத" என்றாள். அதனால்தான் முழுவதையும் சொன்னேன். அதோ, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். அவளை எனக்குத் திருப்பிக் கொடுத்தவருக்கு உடைந்த இருதயத்தோடு நன்றி சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் ஆபத்து வந்தால் கர்த்தரைக் கூப்பிடுங்கள். அவர் கேட்கிறவர். கூப்பிட்ட அதே வாயால் படகையும் கூப்பிடுங்கள். பழம் அறுத்திருந்தாலும் அண்ணன் நிறுத்துவார். கயிற்றை நான் இழுப்பேன்.