காருக்கு வந்த களிமண்

அந்த ஆடியில் பக்கத்து மனையில் கட்டிய புது வீட்டுக்கு இரும்புக் கேட் மாட்டினார்கள். மறுநாள் ஓர் ஆள் கம்ப்ரஸரோடு வந்து, கேட்டுக்கு வெள்ளி நிற பெயிண்டை ஸ்பிரே அடித்துவிட்டுப் போனான். திண்டுக்கல்லில் ஆடிக் காற்று கொடியில் காயும் புடவையை அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அந்தக் காற்று பாதிப் பெயிண்டைக் கேட்டுக்குக் கொடுத்து, மீதியை எங்கள் கார் மேல் கொட்டிவிட்டது.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தோம். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் கணவர் ஊருக்குள் ஒரு தனியார் மருத்துவமனையின் லேபில் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பதில் அவருக்குப் பெயர் உண்டு. சதை போட்ட கையானாலும், வற்றிப்போன கிழவரின் கையானாலும், இரண்டு விரலால் தட்டித் தடவிப் பார்த்து நரம்பைப் பிடித்துவிடுவார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், "அந்த சார் இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்களாம். அவர் சொல்லி நான் கேட்டதில்லை. என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் சொல்லித்தான் தெரியும்.

கார் புதிதில்லை, ஒருவர் ஓட்டிக் கொடுத்தது. கரு நீலம். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த மகளைக் கொண்டுவிடவும் கூட்டிவரவும் என்று சொல்லி என் கணவர் வாங்கினார். வாங்கிய பிறகு ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். போர் தண்ணீர் உப்பு, அதில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விழும். அதனால் முனிசிபல் தண்ணீர் வரும் நாளில் ஒரு வாளியைக் காருக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுவார். வாரக்கணக்கில் காத்துக் கிடந்து பிடிக்கிற தண்ணீர் அது.

"குடிக்கிற தண்ணியில காருக்கு ஞானஸ்நானமா?" என்பேன்.

"டீச்சரம்மா, நீங்க உங்க பரீட்சப் பேப்பரப் பாருங்க," என்பார்.

அன்று சாயங்காலம் காரைப் பார்த்தபோது யாரோ சாம்பலைத் தூவியது போலிருந்தது. தொட்டேன். உப்புத்தாளைத் தொட்டது மாதிரி சொரசொரவென்று கையில் உரசியது. அவர் வந்து ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றித் தேய்த்தார். ஒரு புள்ளிகூடப் போகவில்லை. பெயிண்ட் அடித்த ஆளைப் பிடித்துக் கேட்டதற்கு, "தின்னர் போட்டுத் தொடைங்க சார், போயிரும்," என்றான். தின்னர் போட்டால் காரின் பெயிண்டும் கூடவே போய்விடும். அந்தப் புது வீட்டுக்காரரிடம் போனோம். "காத்துக்கு நான் என்ன சார் செய்ய முடியும்?" என்று கையை விரித்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

என் தம்பி அப்போது ஷார்ஜாவில் இருந்தான். கார் கம்பெனியில் வேலை என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். உண்மையில் ஒரு கராஜில் கார்களைக் கழுவிப் பாலிஷ் போடுகிற வேலை. போனில் விஷயத்தைச் சொன்னதும், "அம்புட்டுதானே! வரும்போது ஒரு சாமான் கொண்டாரேன், தொடாம வைங்க," என்றான். சொன்னபடியே லீவுக்கு வந்தபோது ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நீட்டினான். உள்ளே சவுக்காரக் கட்டி அளவுக்கு நீலமாக ஒன்று இருந்தது. அமுக்கினால் அமுங்கியது. என் வகுப்புப் பிள்ளைகள் யானை செய்கிற களிமண் போலவே இருந்தது. களிமண் என்றுதான் அவனும் சொன்னான்.

ஞாயிறு பூசைக்குப் போய் வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, மூன்று பேருமாகக் காரைச் சுற்றி நின்றோம். தம்பி முதலில் ஒரு மெல்லிய பாலிதீன் கவர் கேட்டான். வெங்காயம் வாங்கி வந்த கவரை உதறிக் கொடுத்தேன். அதைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டின் மேல் தடவினான்.

"வெறுங்கையில தடவுனா பாதிதான் தெரியும்க்கா. கவரு போட்டுத் தடவிப் பாரு, பொடித் தூசி இருந்தாலும் காட்டிக் குடுத்துரும்."

நான் தடவினேன். உடம்பு கூசியது. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக விரலில் இடறியது. கவரைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். அவர் மாட்டிக்கொண்டு மெதுவாக ஒரு தடவை, பிறகு கொஞ்சம் அழுத்தி ஒரு தடவை தடவினார்.

"வழுவழுன்னுல இருக்கு?" என்றார்.

தம்பி சிரித்துவிட்டான். "மச்சான், வெளையாடாதீக."

நானும் சிரித்தேன். எங்களைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக, அவரும் சிரித்தார்.

தம்பி ஷாம்பு கலந்த தண்ணீரைப் பீய்ச்சி, களிமண்ணைத் தட்டையாக்கி, முன்னும் பின்னும் லேசாக ஓட்டினான். முதலில் பரபரவென்று சத்தம் கேட்டது. போகப்போகச் சத்தம் குறைந்து கட்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. திருப்பிக் காட்டினான். நீலக் களிமண்ணில் வெள்ளிப் பொடி அப்பியிருந்தது. அதை உள்ளே மடித்துப் பிசைந்து, புதுப் பக்கத்தை வெளியே கொண்டுவந்து மறுபடி ஓட்டினான். கால்வாசி பானெட் கண்ணாடியானது. என் கணவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது.

"மிச்சத்த நான் பாத்துக்கிறேன் மாப்ள. குடு இங்கிட்டு."

"கீழ மட்டும் போட்றாதீக மச்சான். விழுந்துச்சுன்னா தூக்கி எறிஞ்சிரணும். மண்ணு ஒட்டிக்கிட்டா கார்ல கோடு கோடா இழுத்துரும்."

மறுநாள் தம்பி மனைவியின் ஊரான நத்தத்துக்குக் கிளம்பிவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை எனக்குப் பள்ளி இல்லை. அவரும் மத்தியானத்தோடு வந்துவிட்டார். வெயில் இறங்கியதும் களிமண்ணோடு காரிடம் போனார். நான் வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீர் பீய்ச்சுவதும், தேய்ப்பதும், ஏதோ முனகுவதும் காதில் விழுந்தபடி இருந்தன. செத்த நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தேன். மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கை முன்னும் பின்னும் போய் வந்தது. ஆனால் கையில் ஒன்றும் இல்லை. விரல்கள் எதையோ பிடித்திருப்பது போல வளைந்திருந்தன. களிமண் முன் டயரின் ஓரத்தில் மண்ணில் கிடந்தது.

வேடிக்கை காட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வெறும் விரல்களால் தேய்த்துக்கொண்டே இருந்தார். நல்ல கவனமாக, ஓர் இடம் விடாமல்.

"என்னங்க," என்றேன். "களிமண்ணு கீழ கெடக்கு."

"எங்க? கைலதான இருக்கு," என்று சொல்லிக்கொண்டே கையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். சோப்பு நுரை மணிக்கட்டில் வழிந்தது.

பிறகு குனிந்து அதை எடுத்தார். அடிப்பக்கம் முழுக்க மணல். எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். எறியவில்லை. பானெட்டின் மேல் வைத்து, மொத்தப் பலத்தையும் கொடுத்து இழுத்தார். சரக்கென்று ஒரு சத்தம். மறுபடி இழுத்தார். கார் மேல் ஈ உட்கார்ந்தால் பொறுக்காதவர். நான் கீரையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"விடுங்க, கோடு விழுகுதுங்க, விடுங்க!"

"தெரியல. இப்பவும் தெரியல," என்றார். "மணலு ஒரசுதா இல்லையான்னு எனக்குத் தெரியல."

கையைப் பிடித்து நிறுத்த என்னால் முடியவில்லை. அவராகத்தான் நிறுத்தினார். நிறுத்திவிட்டு டயரில் சாய்ந்து ஈரத் தரையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே பேசினார். சில மாதமாகவே இப்படித்தானாம். முதலில் விரல் நுனி மரத்ததாம், அப்புறம் உள்ளங்கையாம். சட்டைப் பொத்தான் போடவே நேரமாகிறதாம். நரம்பைத் தடவிப் பிடிக்க முடியாமல், கண்ணுக்குத் தெரிகிற நரம்பாகப் பார்த்துப் பார்த்துக் குத்திக்கொண்டிருந்தாராம். தெரியாத கையென்றால் பக்கத்தில் இருக்கிறவரைக் கூப்பிட்டுவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்விடுவாராம்.

"முந்தாநேத்து ஒரு கைப்பிள்ள. மூணு எடத்துல குத்திட்டேன். அதோட அம்மா ஒண்ணும் சொல்லல. நான்னா செரியாத்தான் செய்வேன்னு நம்பிப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா? நீ என்ன செய்வ?"

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டார்.

மதுரைக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸில்தான் போனோம். இனி காரை ஓட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை, அவரும் சாவியை எடுக்கவில்லை. டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு குண்டூசியால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார்.

"தெரியுதா?"

"தெரியுது சார்."

"இப்ப?"

"தெரியுது."

அடுத்து டாக்டர் ஊசியை மேலே தூக்கிக்கொண்டார். எதையும் தொடாமல், "இப்ப?" என்றார்.

"தெரியுது சார்," என்றார் என் கணவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மூடிய கண்ணோடு, பரீட்சையில் எப்படியாவது பாஸாகிவிட வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை மாதிரி அவர் உட்கார்ந்திருந்தார்.

கழுத்தில் எலும்பு வளர்ந்து தண்டுவடத்தை அழுத்துகிறது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். ஆபரேஷன் செய்தால் மேலும் மோசமாகாமல் தடுக்கலாம், போன உணர்ச்சி திரும்பி வருமா என்று சொல்ல முடியாது என்றார்கள். லேபில் இத்தனை வருஷம் இருந்தவருக்கு அதன் அர்த்தம் என்னைவிட நன்றாகத் தெரிந்தது. ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். பேனாவை நான்தான் விரலிடுக்கில் வைத்தேன்.

நல்லபடியாக முடிந்தது என்றார்கள். கழுத்துப் பட்டையோடு வீட்டுக்கு வந்தார். பங்குச் சாமியார் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். தம்பி ஷார்ஜாவிலிருந்து போன் போட்டு அழுதான். "அன்னைக்கே மச்சான் வெளையாடலக்கா. நாமதான் சிரிச்சோம்," என்றான். ஒவ்வொரு நாள் காலையும் நான் அவர் விரலைத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்பேன். முதலில் "கொஞ்சம்" என்றார். பிறகு பதில் சொல்வதை நிறுத்தினார். நானும் கேட்பதை விட்டேன்.

மருத்துவமனையில் நல்லவர்கள்தான். ரிப்போர்ட் கொடுக்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள். காகிதத்தை எண்ணிப் பிரிக்க விரல் ஒத்துழைக்கவில்லை. அதைவிட, உள்ளேயிருந்து பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுகிறாராம். சில மாதத்தில் அவரே போதுமென்று வந்துவிட்டார்.

காரை ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவர் விலைக்கு எடுத்துக்கொண்டார். பானெட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இங்க மட்டும் ஏதோ பிறாண்டி வெச்ச மாதிரி இருக்குதுங்களே?" என்றார். நான் வாயெடுப்பதற்குள் என் கணவர், "நாந்தான். கை தவறிருச்சு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கார் தெருமுனை திரும்புகிற வரை நான் மட்டும் நின்று பார்த்தேன்.

அதன் பிறகு ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தபோது அவர் உள்ளங்கையில் பெரிய கொப்புளங்கள் இருந்தன. தானே டீ போட்டு, கொதிக்கிற டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு, ஊதி ஊதிக் கடைசி வரை குடித்திருக்கிறார். அன்றிலிருந்து டீயை நான் ஆற்றி, டம்ளரைத் தொட்டுப் பார்த்த பிறகே கொடுப்பேன். வாய்க்கு மட்டும் சூடு தெரியும்.

"ஆறிப்போச்சேம்மா," என்பார்.

"பரவால்ல, குடிங்க," என்பேன்.