ஒற்றைக் கட்டில் வலை

1. நேற்றுக் காலை அப்பாவின் கொசுவலை கிழிந்தது. ஒட்டுப் போட்ட இடமே கிழிந்ததால் இனி ஒட்டுப் போட அதில் துணி இல்லை.

2. சாயங்காலம் அப்பாவும் நானும் ரெங்கம் கடைத்தெருவுக்குப் போனோம்.

3. சீனர் கடை முதலாளி மூன்று வலைகளை எடுத்துப் போட்டார். அப்பா இரண்டு விரலைக் காட்டி, "துவா ஓராங், தவ்கே, ரெண்டு பேருக்கு" என்றார்.

4. அகலமானதைத் தேர்ந்தெடுத்து, விரலால் தேய்த்து, முகர்ந்தும் பார்த்து வாங்கினார்.

5. கடைப்படியில் இறங்கும்போது, "பாப்பா, நான் வாங்குற கடைசி வலை இதுதான்" என்றார்.

முதல் நான்கிலும் எனக்குக் குறையில்லை. ஐந்தாவதுதான் எரிச்சல். இதற்கு முன் இரண்டு கடைசி வலை வாங்கியிருக்கிறார். கடைசிக் குடை, கடைசிக் கோட்டு, கடைசிச் சவரக் கத்தி எல்லாம் தனி. நான் நர்ஸ் வேலைக்குப் படித்தவள். நோயாளியின் சூட்டையும் நாடியையும் வரிசையாக எழுதிப் பழகிய கை, வீட்டு விஷயத்தையும் அப்படித்தான் எழுதுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

புது வலைக்கு ஒரு வாசனை உண்டு. கஞ்சியும் சாக்கும் கலந்தது. அதோடு அந்துருண்டை வாசனையும் சேர்ந்தால் எனக்கு உடனே ஒரு பச்சைத் தகரப் பெட்டி கண்ணில் நிற்கும். அப்பா இங்கே ஜொகூரில், ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணியாக இருந்தார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து அந்தப் பெட்டியோடு ரயிலில் வந்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயதானதும் வேலையை விட்டுவிடுவது, சிங்கப்பூரில் கப்பல் ஏறுவது, நாகப்பட்டினத்தில் இறங்குவது, அங்கிருந்து மாட்டு வண்டியில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேருவது. திட்டம் இவ்வளவுதான். அதற்கு இன்னும் பல வருஷம் இருந்தது. பெட்டி மட்டும் அன்றைக்கே தயார்.

அப்போது தோட்டத்தில் எல்லோர் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது. கிராணி வீட்டில் தகரப் பெட்டி, லயத்து வரிசை வீடுகளில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்களிடம் துணிமூட்டை. ஊருக்குப் போகும்போது எடுத்துப்போக வேண்டியவை அதில் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பாயில் பரப்பி வெயில் காட்டுவார்கள். அண்டை வீட்டுக்காரர்கள் வந்து தொட்டுப் பார்த்து, கோவில் நகையைப் பார்த்ததுபோல் தலையசைத்துவிட்டுப் போவார்கள்.

இதனால் வந்த சங்கடத்தைச் சொல்கிறேன். ஊரில் வேண்டியவை பெட்டிக்குள் பூட்டியிருக்கும். இங்கே வேண்டியவற்றை வாங்கவே முடியாது, ஏனென்றால் நாம்தான் போகப்போகிறோமே. விளக்குக் கண்ணாடி உடைந்தால் அப்பா காகிதம் ஒட்டுவார். நாற்காலிக்குக் கால் போனால் மரக்கட்டை. அம்மாவின் தோசைக்கல் கைப்பிடி இல்லாமலே என் பள்ளிப் பருவம் முழுவதும் அடுப்பேறியது. பெட்டியின் சாவி அப்பாவின் இடுப்புக் கயிற்றில் தொங்கியது.

குடை விஷயம் கேளுங்கள். எங்கள் பக்கம் மழை சொல்லிவிட்டு வராது. நான் வாழையிலையைத் தலையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். பெட்டிக்குள் புத்தம் புதுக் குடை ஒன்று காய்ந்து கிடந்தது.

"அப்பா, அந்தக் குடைய குடுங்களேன்."

"அது ஊருக்கு."

"ஊர்ல இப்படி மழை பெய்யுமா?"

"பெய்யாது பாப்பா. அதனாலதான் அங்க குடை ரொம்ப நாளைக்கு வரும்."

இந்தப் பதிலுக்கு இன்றுவரை எனக்கு மறுப்புக் கிடைக்கவில்லை.

நான் ஜொகூர் பாருவில் நர்ஸ் வேலை கற்றுக்கொண்டு தோட்ட ஆஸ்பத்திரிக்கே வேலைக்குத் திரும்பியபோது வீட்டில் எதுவும் மாறவில்லை. அப்பாவும் அம்மாவும் படுத்த அகலமான பலகைக் கட்டிலுக்கு மேல் அதே பழைய வலை. அம்மா ஓட்டைகளை நூலால் சுருக்கிச் சுருக்கி முடிந்து வைத்திருந்தார்கள். அம்மை வார்த்த உடம்புபோல் இருந்தது அது. நான் இல்லாதபோது அம்மாவுக்கு இரண்டு முறை மலேரியா வந்துபோயிருந்தது. தோட்டத்துக்கு வந்துபோகும் டாக்டர் அம்மாவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் வீங்கிக் கல்போல் இருந்தது. என்னை வெளியே கூப்பிட்டு, "இன்னொரு காய்ச்சல் வராமப் பாத்துக்கோம்மா. வந்தா தாங்கமாட்டாங்க" என்றார்.

அன்றைக்கே ஆரம்பித்தேன். பெட்டிக்குள் ஒரு புது வலை இருந்தது எனக்குத் தெரியும். வெயில் காட்டும்போது பார்த்திருக்கிறேன். யாரும் அதைப் பிரித்ததில்லை.

"அதை எடுத்துக் கட்டுங்கப்பா."

"கட்டினா பழசாயிரும். ஒரு வருசம் பொறு, கப்பலேறிடுவோம்."

"அதுக்குள்ள அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தா?"

"நீதான் நர்சு இருக்கியே."

படித்ததற்குக் கிடைத்த மரியாதை இது. நான் ஒரு புதிய வலை வாங்கி வந்துவிடலாமென்று பார்த்தேன். அம்மாவே தடுத்தார்கள். "வேணாம்மா. அதையும் பெட்டியில வச்சுப் பூட்டிருவாரு."

பகலில் நான் லயம் லயமாகப் போய்ச் சாக்கடையில் எண்ணெய் ஊற்றச் சொல்வேன், மலேரியாவுக்குக் கொடுக்கும் கசப்புக் கொயினா மாத்திரையை என் கண் எதிரே விழுங்கச் சொல்வேன், குழந்தைகளை வலைக்குள் போடச் சொல்வேன். கையில் அட்டை, நெஞ்சில் புதுப் பட்டம். அஞ்சலை என்று ஒரு பால்வெட்டுக்காரி இருந்தாள். ஒருநாள் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்:

"மிஸ்ஸி, எங்க வூட்ல வலை இல்ல, கொசு வந்து கடிச்சிட்டுப் போயிருது. உங்க வூட்ல வலைக்குள்ளாற பூந்த கொசு, வெளிய வர வழி தெரியாம விடியவிடியக் கடிக்குதாமே?"

லயமே சிரித்தது. நான் அட்டையில் ஏதோ முக்கியமாக எழுதுவதுபோல் எழுதினேன்.

அதற்குள் ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். போகமாட்டோம் என்று அழுதவர்களை மூட்டையோடு லாரியில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பினார்கள். அஞ்சலையும் போனாள். போக வேண்டும் என்று பெட்டியோடு காத்திருந்த அப்பாவை மட்டும், கணக்கெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நிறுத்திக்கொண்டார்கள். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியது. பெட்டி பூட்டியே கிடந்தது.

அந்த மழைக்காலத்தில் ஒரு மதியம் அம்மாவுக்குக் குளிர் வந்தது. கட்டில் ஆடியது. மூன்று போர்வை போர்த்தியும் பல் கிட்டித்தது. நான் கொயினா கொடுத்து, சூடு பார்த்து, நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா வாசற்படிக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். பிறகு உள்ளே போனார். பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது.

வலையைக் கொண்டுவந்தார். மடிப்புகள் அட்டைபோல் விறைத்திருந்தன. இருவருமாகப் பிரித்து ஆணிகளில் மாட்டினோம். பாதிக் கட்டில்தான் மறைந்தது. இழுத்தோம். குறுக்கே திருப்பினோம். மறுபடியும் பாதிதான்.

"கடைக்காரன் தப்பாக் குடுத்திட்டான்" என்றார் அப்பா.

போர்வைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் நடுங்கிக்கொண்டே வந்தது. "அவன் தப்பாக் குடுக்கலங்க. நீங்க என்ன அளவு சொன்னீங்க?"

அப்பா வலையின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றார். "அண்ணன் வீட்டு முன்கூடத்துல ஒரு கயித்துக் கட்டில் இருக்கும்ல, அந்த அளவு."

அது ஒற்றைக் கட்டில். கல்யாணத்துக்கு முன் அவர் படுத்திருந்தது. கண்ணால் பார்த்துக் கால் நூற்றாண்டாகியிருக்கும். சிங்கப்பூர்க் கடையில் நின்றுகொண்டு, நினைவிலிருந்து அதற்கு அளவு சொல்லியிருக்கிறார்.

"அப்ப நான் எங்க படுக்கிறதா இருந்துச்சு?"

"உள்ள... பொம்பளைங்களோட."

"உள்ள கொசு வராதா?"

இவ்வளவு வருஷத் திட்டத்தில் கப்பலுக்கு இடமிருந்தது, மாட்டு வண்டிக்கு இடமிருந்தது, குடைக்கு இடமிருந்தது. இந்தக் கேள்விக்கு மட்டும் இடமில்லாமல் போயிருந்தது. நான் சிரித்திருப்பேன். கையில் சூடு பார்க்கும் கண்ணாடிக் குழாய் இருந்தது, அதில் பாதரசம் நான் விரும்பாத இடத்தில் நின்றது.

அப்பா தன் தலையணையை எடுத்துக்கொண்டார். அம்மாவைச் சுவரோரமாக நகர்த்தி, ஒற்றை வலையை அம்மாவைச் சுற்றி மெத்தைக்கடியில் செருகினார். பழைய வலையைக் கூடத்தில் தனக்குக் கட்டிக்கொண்டார். அம்மா பிழைத்தார்கள். டாக்டரே இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, வலை கட்டியது நல்லது என்றார். அடுத்த மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. நர்ஸ் என்ற முறையில் கவலைப்பட்டேன். மகள் என்ற முறையில், கொயினாவுக்குப் பிறகு அவர் கேட்ட சர்க்கரையைக் கொடுக்கவில்லை.

அதன்பின் பெட்டி மெல்ல மெல்லக் காலியானது. எழுந்து நடமாட ஆரம்பித்த அம்மா, முதல் மழையன்றே கடைசிக் குடையை விரித்துக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. கோட்டைப் பூச்சி அரித்திருந்தது. சவரக் கத்தி துருப்பிடித்திருந்தது. அப்பா வேலையை விட்டதும் ரெங்கம் டவுனில் வீடெடுத்துக் குடிவந்தோம். பெரியப்பா தவறிவிட்டார், வீடு கைமாறிவிட்டது என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அந்தக் கட்டில் என்னவாயிற்று என்று அப்பா அவரைக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை.

இப்போது யாரும் பாயில் சாமான் பரப்பி வெயில் காட்டுவதில்லை. "ஊருக்குப் போறவங்களுக்கு எதுக்கு?" என்ற பேச்சு எங்கள் வீட்டில் கேட்டு வெகு காலமாயிற்று. அந்தப் பேச்சைக் கேட்டு நான் பல்லைக் கடித்ததுண்டு. முன்பு அப்பா கடைசி என்று சொன்னால் அதற்குள் ஒரு கப்பல் இருந்தது. நேற்றுக் கடைப்படியில் சொன்ன கடைசியில் கப்பல் இல்லை. அதனால்தான் எனக்கு அப்படி எரிச்சல் வந்தது என்று நினைக்கிறேன். "போன தடவையும் இதான் சொன்னீங்க, நடங்கப்பா" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும், "பெட்டியில வைக்கட்டுங்களா?" என்று அம்மா கேட்டார்கள். அப்பா அதைக் காதில் வாங்காமல் ஆணி தேடப் போனார்.

வலை நேற்றே கட்டியாயிற்று. இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம். பச்சைப் பெட்டிக்குச் சாவி இல்லை. அம்மா அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்கள்.